வெர்லா ஹாவ்லிக் வேலி பார்த்த கதை

1936 மே 2. பிரெக்கே – குபேஷ் எல்லை வேலி பாகம் பிரித்தது. கம்பி, கம்பம், ஆணி: 61 டாலர் 40 சென்ட்.
1971 பிப்ரவரி 9. யோசெஃப் ஹாவ்லிக் அடக்கம். இடுகாட்டில் இடம்: 25 டாலர்.
1978 நவம்பர் 7. டிரஸ்டி தேர்தல். வாக்குகள் 14. வெர்லா ஹாவ்லிக்: 9.
1979 ஏப்ரல் 21. வேலி பார்வை. டிரஸ்டிகளுக்குப் படி, ஆளுக்கு 12 டாலர்.
1979 மே 4. மேல்முறையீடு. நீதிமன்றக் கட்டணம் 35 டாலர். கட்டியவர்கள் இருவர்.

டோர்டால் ஓர் ஊர் என்று டோர்டாலில் இருப்பவர்கள்தான் சொல்வார்கள். அயோவா மாநிலத்தின் கணக்கில் அது ஊரே அல்ல. மேயர் கிடையாது, கவுன்சில் கிடையாது. நார்வேக்காரர்களுக்கு ஒரு கோயில், செக் நாட்டிலிருந்து வந்த செக்காரர்களுக்கு ஒரு கோயில், தீவன மில், ஒரு பார், இருபத்து மூன்று வீடு. சாலையோரப் பச்சைப் பலகையில் பேர் இருக்கும். மக்கள் தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். சுற்றிலும் உள்ள பண்ணைகளையும் சேர்த்து ஆல்டர் டவுன்ஷிப் என்று பேர். அதற்கு மூன்று டிரஸ்டிகள். இடுகாட்டுப் புல், தீயணைப்பு வண்டி, வேலித் தகராறு. இந்த மூன்றுக்குமேல் அவர்களுக்கு அதிகாரமும் இல்லை, ஆசையும் இல்லை.

1978-இல் ஒரு டிரஸ்டி இடம் காலியானது. போட்டியிட ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை. வாக்குச்சீட்டில் பேர் அச்சிட வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அந்தக் கோட்டின்மேல் யார் வேண்டுமானாலும் யார் பேரை வேண்டுமானாலும் எழுதலாம். அதிகம் எழுதப்பட்ட பேர் ஜெயிக்கும். டோர்டாலில் பல பேர் தாங்கள் ஜெயித்ததை மறுநாள் தொலைபேசியில்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

வெர்லாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. புருஷன் யோசெஃப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண்களும் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தார்கள். முப்பத்தொரு கெர்ன்சி மாடுகளைத் தனியாகக் கறந்துகொண்டிருந்தாள். அந்த வருஷக் கோடையில் யோசெஃபின் கல்லறையைப் புல் மூடியிருந்ததைப் பார்த்துவிட்டு நேரே தீவன மில்லுக்குப் போய், "மூணு ஆம்பளைங்க டிரஸ்டின்னு இருக்கீங்க, உங்க மூணு பேருக்கும் சேத்து ஒரு புல்வெட்டி ஓட்டத் தெரியலையா?" என்று கேட்டிருந்தாள். அந்த வாய்க்காகத்தான் அவள் பேரை எழுதினார்கள். விளையாட்டுக்கு.

கவுன்ட்டி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்த காலையில் அவள் மில்லுக்குப் போனாள். அடுப்பைச் சுற்றி ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். 

"ஒன்பது ஓட்டு விழுந்திருக்கு எனக்கு," என்றாள். "இங்க ஏழு பேர் ஒக்காந்திருக்கீங்க. மீதி ரெண்டு பேரு எங்கே?"

எமில் நோவாட்னி கோப்பைக்குள் பார்த்தபடி, "ஒருத்தன் பல் டாக்டர்கிட்ட போயிருக்கான்," என்றான். அவனும் ஒரு டிரஸ்டி.

"சிரிப்பா இருந்துச்சோ?"

"எழுதறப்ப இருந்துச்சு."

"வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனச்சீங்க. சொல்லப் போறதில்ல. வர்ற வியாழக்கிழமை கூட்டம். எமில், புல்வெட்டியப் பெட்ரோல் ஊத்தித் தயாரா வை."

"நவம்பர் மாசம் யம்மா! பனி விழப்போகுது."

"அப்ப பனியையே வெட்டு."

இருபத்து நான்கு வருஷம் அந்தப் பதவியில் இருந்தாள். ஒருமுறைகூட மனுக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஜனங்கள் அந்த வெற்றுக் கோட்டில் அவள் பேரை எழுதினார்கள். 1982-இல் எழுபத்தொரு பேர் எழுதினார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவள் பிரெக்கே வேலியைத் தாண்ட வேண்டியிருந்தது.

ஓர்வின் பிரெக்கே நார்வேக்காரன். லுமிர் குபேஷ் செக்காரன். ஓர்வினின் நிலம் வடக்கே, லுமிரின் நிலம் தெற்கே. நடுவே அரை மைல் நீளத்துக்கு முள்கம்பி வேலி. மேற்குப் பாதி சமதரையில் போகும். கிழக்குப் பாதி ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏறும். வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து வரும்போதெல்லாம் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

எல்லை வேலியை இரண்டு பக்கத்துக்காரரும் பாதிப்பாதி பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எந்தப் பாதி என்பதற்கு அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இரண்டு பேரும் வேலியின் நடு மையத்துக்கு வந்து, வேலிக்கு இரண்டு பக்கமும் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். அவரவர் வலக்கைப் பக்கம் அவரவர் பாதி. எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம்.

1936-இல் ஓர்வினின் அப்பாவும் லுமிரின் அப்பாவும் அப்படி நிற்கத்தான் போனார்கள். ஆனால் அந்த வருஷம் அவர்களுக்குள் பேச்சில்லை. ஒற்றைக் கண் குருடான குதிரை ஒன்று கைமாறியதில் வந்த சண்டை. அவன் முகத்தில் விழிப்பதா என்று இருவரும் வேலிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நின்றபடியே ஆளுக்கு வலக்கையை நீட்டினார்கள். வந்தது போலவே போய்விட்டார்கள். டோர்டால் பாரில் நாற்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. முதுகைக் காட்டி நின்றால் வலப்பக்கம் மாறிப்போகும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நாள் முதல் ஓடைப் பாதியைப் பிரெக்கேக்கள் கட்டினார்கள். சமதரைப் பாதி குபேஷ்களுடையதாயிற்று.

1979 ஜனவரியில் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் யாரோ இந்த வலக்கை வழக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர்வின் எழுந்து நின்றான். ஒரு பக்கம் திரும்பிக் கையை நீட்டினான், மறுபக்கம் திரும்பி நீட்டினான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். மார்ச்சில் பனிக்கட்டி வந்து ஓடை வேலியைத் தூக்கிக்கொண்டு போனது. ஓர்வின் ஒரு கம்பத்தையும் நிமிர்த்தவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் அவனுடைய கறுப்புக் காளை அந்த வழியாக நடந்துபோய் லுமிரின் சாதிக் கிடாரிகளோடு மூன்று நாள் விருந்தாளியாக இருந்தது. லுமிர் டிரஸ்டிகளிடம் முறையிட்டான்.

வேலி பார்த்துத் தீர்ப்புச் சொல்வது டிரஸ்டிகள் வேலை. மூவரில் ஹார்லன் ரூட், ஓர்வினின் தங்கையைக் கட்டியவன். எமில், லுமிரோடு சேர்ந்து மான் வேட்டைக்குப் போகிறவன். இரண்டு பேரும் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். மிச்சம் வெர்லா ஒருத்திதான்.

அவளுக்கு அதில் பெரிய ஆபத்து இருந்தது. பச்சை மக்காச்சோளத்தைத் தட்டையோடு நறுக்கி சைலோ கோபுரத்துக்குள் அடைத்தால்தான் குளிர்காலம் முழுக்க மாடுகளுக்குத் தீவனம். அந்த வட்டாரத்தில் பண்ணைகள் சேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் சைலோவை நிரப்பிக்கொள்வார்கள். வயலில் நறுக்குகிற இயந்திரம் ஓர்வினிடம் இருந்தது. நறுக்கியதைக் கோபுரத்துக்குள் ஊதி ஏற்றுகிற இயந்திரம் லுமிரிடம் இருந்தது. யோசெஃப் இருந்த காலத்திலிருந்து செப்டம்பரில் இரண்டு பேரும் வருவார்கள். ஒருவர் வயலிலும் மற்றவர் கோபுரத்தடியிலும் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்துக் கொடுப்பார்கள். இரண்டில் ஒன்று வராவிட்டாலும் சைலோ காலி. சைலோ காலியென்றால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

பார்வைக்கு முந்திய வாரம் ஓர்வின் அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"நறுக்கற மிஷின் சத்தம் சரியில்ல வெர்லா. இந்த வருஷம் ஓடுமோ ஓடாதோ."

"எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை தெரிஞ்சிடும்," என்றான். சனிக்கிழமைதான் வேலி பார்வை.

லுமிர் அப்படிக் கரடுமுரடாகப் பேசுகிறவன் அல்ல. பெண்டாட்டி சுட்ட கொலாச்சிகளை, நடுவில் இனிப்பு வைத்த செக் பன்களை, ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தான்.

"தட்டைத் திருப்பித் தர அவசரமில்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் நான் வரலாமா வேணாமான்னு பாத்துட்டு வாங்கிக்கறேன்."

"கொலாச்சில என்ன வச்சிருக்கு? கொடிமுந்திரியா?"

"கசகசா."

"அப்ப தின்னுட்டுத் தூங்கறேன். நல்லா யோசிக்கலாம்," என்றாள் வெர்லா.

ஏப்ரல் 21, சனிக்கிழமை. சேறு. வேலியின் இரண்டு பக்கமும் டிரக்குகள் வரிசையாக நின்றன. சர்ச் விருந்துக்கு வருவதுபோலக் காபிக் குடுவையும் மடக்கு நாற்காலியுமாக வந்திருந்தார்கள். நார்வேக்காரர்கள் வடபுறம், செக்காரர்கள் தென்புறம். ஒருவரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை.

முதலில் மூன்று டிரஸ்டிகளும் வேலி நெடுக நடந்தார்கள். மேற்குப் பாதியில் கம்பி வீணை போல இழுத்துக் கட்டியிருந்தது. கிழக்கே ஓடைக்குள் கம்பங்கள் தலைகுப்புறக் கிடந்தன. திரும்பி வந்து வெர்லா நடுக் கம்பத்தில் கையை வைத்தாள்.

"ஓர்வின், லுமிர், ரெண்டு பேரும் இங்க வாங்க. மூஞ்சிக்கு மூஞ்சி நில்லுங்க."

ஓர்வின் வந்தான், பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றான். லுமிர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓர்வின், வானத்துல என்ன இருக்கு? இவரப் பாரு. கடிக்கமாட்டாரு."

"அந்த ஆளு மூஞ்சியில பாக்க என்னா இருக்கு?" என்றான் ஓர்வின்.

"காளை பாத்துச்சே மூணு நாளு, அதுகிட்ட கேளு!" என்று தென்புறத்திலிருந்து யாரோ கத்த, இரண்டு பக்கமும் சிரிப்பு. சிரிப்பில் ஓர்வின் தலையைத் திருப்பிவிட்டான். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப வலக்கைய நீட்டுங்க."

ஓர்வினின் கை மேற்கே நீண்டது. லுமிரின் கை கிழக்கே, ஓடையைப் பார்த்து நீண்டது.  லுமிரின் முகம் சிவந்தது.

"நாப்பத்து மூணு வருஷம் அவங்க கட்டின வேலி! வழக்கம்னு ஒண்ணு இல்லையா?"

"எங்கப்பன் தப்பா நின்னதுக்கு நான் சாகற வரைக்கும் ஓடைக்குள்ள நிக்கணுமா?" என்றான் ஓர்வின்.

வெர்லா மற்ற இரு டிரஸ்டிகள் பக்கம் திரும்பினாள். "தீர்ப்ப ரெண்டா வைக்கறேன். தனித்தனியா கை தூக்குங்க. முதல் பங்கு: மூஞ்சிக்கு மூஞ்சி நின்ன கணக்குதான் கணக்கு. இனிமே மேற்கு ஓர்வினோடது, ஓடை லுமிரோடது."

ஹார்லன் கையைத் தூக்கினான். வெர்லாவும் தூக்கினாள். எமில் கையைக் கட்டிக்கொண்டான். இரண்டுக்கு ஒன்று. வடபுறத்தில் ஒரு டிரக் ஹார்ன் அடித்தது.

"ஹார்ன் அடிச்சவன் கொஞ்சம் பொறு. ரெண்டாம் பங்கு: மேற்குப் பாதிய லுமிர் நல்லபடியா வச்சிருந்து கை மாத்தறான். அதேபோல ஓடைப் பாதியும் நிமிந்து நின்னாத்தான் கை மாறும். அது விழுந்தது ஓர்வின் கையில இருந்தப்ப. அதனால ஓர்வினே அத மொத்தமா கட்டி நிறுத்திட்டு அப்புறம் லுமிர்கிட்ட குடுக்கணும்."

ஹார்லனின் வாய் திறந்தது. எமில் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"ஒரு கை போதும் எமில்."

வெர்லாவும் கையைத் தூக்கினாள். இரண்டுக்கு ஒன்று. இந்தமுறை தென்புறத்தில் ஹார்ன் அடித்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. லுமிருக்கும் சேர்த்துத்தான் தலையில் கட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் அடித்தவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஓர்வின் தொப்பியைச் சேற்றில் அடித்தான். "மிஷின் உடைஞ்சு போச்சு வெர்லா. இப்பத்தான் தெரிஞ்சுது."

"என்னோட ஊதற மிஷினும்," என்றான் லுமிர்.

"சரி," என்றாள் வெர்லா. "தட்டு வண்டியில இருக்கு லுமிர். கழுவி வச்சிருக்கேன்."

மே 4-ஆம் தேதி இரண்டு பேரும் தனித்தனி டிரக்கில் கவுன்ட்டித் தலைநகருக்குப் போய் ஒரே வக்கீலின் வாசலில் இறங்கினார்கள். வேலி வழக்கெடுக்க அங்கே வேறு ஆள் இல்லை. வக்கீல் இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு மேலதான கோபம்? ஒரே மனுவா போடுங்க, செலவு பாதி," என்றார். நார்வேக்காரனுக்கும் செக்காரனுக்கும் ஒருசேரப் பிடித்த வார்த்தை அது. ஆளுக்குப் பதினேழரை டாலர் எடுத்து வைத்தார்கள். அடுத்த முறை போனபோது பெட்ரோலை மிச்சப்படுத்த ஒரே டிரக்கில் போனார்கள்.

ஜூன் மாதத்தில் டோர்டால் பாருக்கு வந்தவர்கள் இதுவரை காணாததைக் கண்டார்கள். ஒரு பிரெக்கேயும் ஒரு குபேஷும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வெர்லா ஹாவ்லிக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் எடுத்தான்.

வெர்லாவுக்கு அந்தக் கோடை சுலபமாகப் போகவில்லை. பக்கத்து டவுன்ஷிப்பில் கூலிக்கு நறுக்கித் தருகிறவனைக் கேட்டாள். அவனுக்கு அக்டோபர் கடைசிவரை வேலை நிறைந்திருந்தது. சோளம் ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்து நின்றது. அவ்வளவு நல்ல விளைச்சலை அவள் அந்த வயலில் பார்த்ததில்லை. ஆகஸ்டில் ஒருநாள் ஹார்லன் வந்தான்.

"ஒரு கூட்டம் போடுவோம் வெர்லா. அந்த ரெண்டாம் பங்க மட்டும் எடுத்துருவோம். எங்க மச்சான் திங்கக்கிழமையே மிஷினோட வந்து நிப்பான்."

"எமில் என்ன சொல்றான்?"

"எமில் முதல் பங்க எடுக்கணும்கறான். லுமிர் மிஷின் வருமாம்."

"ஒண்ண எடுத்தா ஒரு மிஷின் வரும். அத வச்சு நான் என்ன பண்ண?"

"ரெண்டையும் எடுத்துட்டா?"

"அப்ப வேலி யாரோடது ஹார்லன்? நாளைக்கு இன்னொருத்தன் வேலி விழுந்தா எங்க வருவான்? எங்கிட்ட எத்தன மாடு இருக்குன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான வருவான்?"

ஹார்லன் போய்விட்டான். செப்டம்பர் 17-ஆம் தேதி மில் கதவில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டப்பட்டது. வெர்லா ஹாவ்லிக் பண்ணையில் 26-ஆம் தேதி, புதன்கிழமை ஏலம். முப்பத்தொரு கெர்ன்சிகள், கறவை இயந்திரம், பால் தொட்டி. காபி குடிக்க வந்தவர்கள் அதைப் படித்தார்கள். அன்று அடுப்பைச் சுற்றி ஒருவரும் சிரிக்கவில்லை.

அவளுக்குத் தெரியாத ஒன்று ஆகஸ்டிலேயே நடந்திருந்தது. ஓடைப் பாதியை அளந்து வரைபடம் கொடுக்கச் சொல்லி வக்கீல் கேட்டிருந்தார். அளவு நாடாவின் ஒரு முனையை ஓர்வினும் மறு முனையை லுமிரும் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள். தன் வாழ்நாளில் லுமிர் அந்த ஓடைக்குள் இறங்கியதே இல்லை. முட்டளவு தண்ணீரில் நின்று இரண்டு கரைகளையும் மேலும் கீழும் பார்த்தான்.

"இதையா வருஷா வருஷம் கட்டுனீங்க?"

"எங்கப்பா கட்டினாரு. அப்புறம் நான்."

"தனியாவா?"

"வேற யாரு வருவா? நீயா?"

லுமிர் சாய்ந்து கிடந்த கம்பம் ஒன்றை ஆட்டிப் பார்த்தான். "கம்பம் நட்டா நிக்காது. மேல கம்பி வடம் போட்டு அதுல கதவு மாதிரித் தொங்கவிடணும். பனிக்கட்டி வந்தா தூக்கி வழி விடும், போனதும் தானா எறங்கும்," என்றான்.

"அதுக்கு ரெண்டு கரையிலயும் ஒவ்வொரு ஆள் வேணுமே."

"ரெண்டு பேர் இருக்கமில்ல இப்ப?"

அளவு நாடா கரையில் கிடந்தது. மறுநாள் வடம் வந்தது.

வெர்லா சாலையில் போகும்போது இரண்டு டிரக்குகளும் ஓடைப் பக்கம் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். வழக்குக்கு ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 22, சனிக்கிழமை. காலைக் கறவை முடித்து அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது நறுக்கும் இயந்திரம் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஊதும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு லுமிரின் டிராக்டர். அதன் பின்னால் ஹார்லனும் எமிலும் வண்டிகளோடு. மில்காரர்கள் வேறு.

வெர்லா வாளியைக் கீழே வைத்தாள். "ரெண்டு மிஷினும் உடைஞ்சுதுன்னீங்களே."

"சத்தம்தான் வந்துச்சு," என்றான் ஓர்வின். "எண்ணெ போட்டதும் போயிடுச்சு."

"ஓடை வேலி முடிஞ்சுது. டிரஸ்டி வந்து பாக்கணும்," என்றான் லுமிர். "நீ சொன்னேன்னு கட்டல. நாங்களா கட்டினது."

"ஓர்வின் தனியா கட்டணும்னுதான் தீர்ப்பு. நீ எதுக்குக் கை வச்ச?"

"பாத்தியா ஓர்வின், நான் சொல்லல? குத்தம் கண்டுபிடிப்பான்னு!"

"தீர்ப்ப மீறினா என்ன தண்டனை?" என்று ஓர்வின் கேட்டான்.

"இருட்டறதுக்குள்ள அந்தக் கோபுரம் நெறையணும்," என்றாள் வெர்லா.  உடனே, "வயல்ல வடக்கு மூலைலேந்து ஆரம்பி, தெற்கு ஈரமா கிடக்கு," என்று அதட்டினாள்.

அன்று முழுக்க இயந்திரங்கள் நிற்கவில்லை. வயலிலிருந்து ஓர்வின் கத்துவான், கோபுரத்தடியிலிருந்து லுமிர் பதிலுக்குக் கத்துவான். என்ன கத்திக்கொண்டார்கள் என்பது சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பண்ணையில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை. மத்தியானம் நார்வேக்காரப் பெண்களும் செக்காரப் பெண்களும் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் கொலாச்சியும் ஒரே மேஜையில் பரப்பினார்கள். ஓர்வின் சாப்பிட வரும்போது மில் கதவிலிருந்து கிழித்த மஞ்சள் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காபிக் குடுவைக்கு அடியில் வைத்தான்.

"புதன்கிழமைக்கு எல்லாருக்கும் வேற வேலை இருக்காம். ஏலத்துக்கு ஆள் வராது," என்றான்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கோபுரத்தின் உச்சியிலிருந்து எமில் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். நிறைந்துவிட்டது. கூட்டம் கத்திய கத்தலில் முப்பத்தொரு மாடுகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தன. வெர்லா உள்ளே போய் ஏலக்காரனுக்குத் தொலைபேசி செய்தாள். அவன் காரணம் கேட்டான். "மாட்டுக்குத் தீனி இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

போகும்போது அவள் ஓர்வினிடம், "கோர்ட்டுல கேஸ் அப்படியே இருக்கே?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும். காசு கட்டியாச்சு."

"வாபஸ் வாங்கணும்னா வக்கீல் அதுக்கும் தனியா கேப்பானே," என்றான் லுமிர். இயந்திரங்களை அங்கேயே விட்டு, மில்காரர்களின் டிரக்கில் ஏறிய பிறகும் இருவரும் அந்தச் செலவைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மூன்று டிரஸ்டிகளும் போய் வேலியைப் பார்த்தார்கள். ஓடைக்குக் குறுக்கே தொங்கிய கதவை வெர்லா பூட்ஸ் காலால் உதைத்தாள். அது தூக்கி ஆடித் தன் இடத்துக்கு வந்து நின்றது. இந்தமுறை மூன்று பேரும் கை தூக்கினார்கள்.

நீதிமன்றத்திலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் இரண்டே வரிகள். மனுதாரர்கள் இருவரும் சேர்ந்து மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆல்டர் டவுன்ஷிப் டிரஸ்டிகளின் தீர்ப்பு செல்லும். அது வந்து சேர்ந்தது 1979 அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை.